வயிற்றுக்கு வயிறு வேறாகும் கிருமி

தக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு எண்டோஸ்கோப்பியில் எச்.பைலோரின்னு வந்துச்சு, இப்போ எனக்கும் இருக்கு. அம்மாகிட்ட இருந்து வந்திருக்குமா?" வாய்ப்பு அதிகம். எச்.பைலோரி என்பது வயிற்றில் வாழும் ஒரு பாக்டீரியா. இது பெரும்பாலும் சின்ன வயதிலேயே வீட்டுக்குள் பரவுகிற கிருமி, மருந்து சாப்பிடாவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் தங்கிவிடும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மருத்துவர்கள் வாரனும் மார்ஷலும் இதைக் கண்டுபிடித்தது, அல்சருக்கு இதுதான் முக்கியக் காரணம் என்று காட்டி 2005இல் நோபல் வாங்கியது, இதெல்லாம் பலருக்கும் தெரியும். என்னைச் சொக்க வைப்பது இதன் மரபணுதான். மொத்தமே ஏறத்தாழ 1,600 மரபணுக்கள், ஆனால் சம்பந்தமில்லாத இரண்டு பேர் வயிற்றிலிருந்து எடுத்தால் இரண்டு கிருமியும் ஒன்றுபோல இருக்காது.

எப்படி? டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது தப்பான எழுத்து விழுந்தால், ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களில் அதைத் தேடிப் பிடித்துத் திருத்தத் தனிப் புரதங்கள் உண்டு. பைலோரியில் அந்த ஏற்பாடே கிடையாது, அதனால் பல பிழைகள் அப்படியே தங்கிவிடும். அப்புறம், செத்துப்போன கிருமியின் டி.என்.ஏ. துண்டு பக்கத்தில் கிடந்தால் உயிரோடு இருப்பது அதை உள்ளே இழுத்து, தன்னிடம் அதே இடத்தில் இருந்த துண்டை நீக்கிவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளும். இன்னொன்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வயிற்றுச் சுவரில் ஒட்ட உதவும் சாப்-ஏ புரதத்தின் மரபணுவில் சி-டி, சி-டி என்று ஒரே டி.என்.ஏ. எழுத்து ஜோடி வரிசையாக வரும், அங்கே நகலெடுக்கும் நொதி வழுக்கி ஒரு ஜோடி கூடினாலோ குறைந்தாலோ அதற்குப் பிறகான வாசிப்பு முழுக்கக் குழம்பி அந்த மரபணு அணைந்துவிடும், பின்னால் இன்னொரு வழுக்கலில் மறுபடி வேலை செய்யத் தொடங்கும்.

இந்த வேறுபாடுகள் குடும்பத்தோடு பயணம் போகின்றன. மலேசியாவில் எடுத்துப் பார்த்தபோது அங்குள்ள இந்திய வம்சாவளியினரின் கிருமி தென்னிந்தியக் கிருமியோடு ஒத்துப்போனது, மலாய்க்காரர்களிடம் இருந்ததில் பெரும்பகுதியும் இந்தியர்களிடமிருந்து போனதுதான். குளச்சல் கடற்கரையும் பேச்சிப்பாறை மலையும் ஒரே மாவட்டத்தில் இருக்கிற நம்ம ஊரில் இந்தக் கிருமிகளின் டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும், எண்டோஸ்கோப்பியில் எடுக்கிற சதைத்துணுக்கே அதற்குப் போதும்.

ஆனால் நம்ம பக்கம் தீராத வயிற்றுவலி என்றால் யாரோ சாப்பாட்டில் கைவிஷம் வைத்துவிட்டதாகச் சொல்லி வாந்திக்கு மருந்து கொடுப்பது இன்னும் நடக்கிறது. அல்சர் உள்ளவரை அப்படிக் குமட்ட வைப்பது ஆபத்து, போதாததற்குப் பழி வீட்டு மருமகள் தலையில் விழும். எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, வாசகிக்கு: இதற்குக் கொடுக்கிற கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பலிக்காமல் போகக் கிருமியின் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். அதனால் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், முடித்து நாலு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள்.