கால்வாசி வாக்குக்கு அரைவாசி ஆசனம்: 2024 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆசனங்கள் பங்கிடப்பட்ட விதம்

2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குரிய ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. இலங்கைத் தமிழரசுக் கட்சி, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ், 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு ஆகியவற்றுக்கு ஒவ்வோர் ஆசனம் கிடைத்தது. தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி அம்மாவட்டத்தில் முதலிடம் பெற்றது பற்றி நிறையவே பேசப்பட்டது. ஆனால் 24.85 சதவீத வாக்குகளைப் பெற்ற கட்சிக்கு மூன்று ஆசனங்களும், 19.47 சதவீதம் பெற்ற கட்சிக்கு ஒன்றும் எப்படிக் கிடைத்தன என்பதற்கான விளக்கம் அரிதாகவே தரப்பட்டது. அரசியலமைப்பின் 99ஆவது உறுப்புரை அதற்கான விதிகளைத் தருகிறது. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்த எவரும் அந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

முதலில், ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும், 29 பேர் தேசியப் பட்டியல் மூலமும் தெரிவாகின்றனர். அந்த 196இல், மாகாணம் ஒன்றுக்கு நான்கு வீதம் 36 ஆசனங்கள் நிலையாக ஒதுக்கப்படுகின்றன. மிகுதி 160 ஆசனங்கள் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகைக்கேற்பப் பங்கிடப்படுகின்றன. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள் இருந்தன. 2015இலும் 2020இலும் அவை ஏழாகி, 2024இல் ஆறாகின. 2020க்கும் 2024க்கும் இடையில் இம்மாவட்டத்தின் வாக்காளர் தொகை 571,848இலிருந்து 593,187ஆக உயர்ந்தே இருந்தது. எனினும் நாட்டின் மொத்த வாக்காளர் தொகை அதைவிட வேகமாக உயர்ந்ததால், யாழ்ப்பாணத்தின் பங்கு சுருங்கியது. அதே தேர்தலில் கம்பஹா மாவட்டத்துக்கு ஓர் ஆசனம் கூடியது.

ஒவ்வொரு கட்சியும் சுயேச்சைக் குழுவும், ஆசன எண்ணிக்கையைவிட மூன்று கூடுதலாக, அதாவது ஒன்பது வேட்பாளர்களை நிறுத்த வேண்டும். 44 பட்டியல்கள் ஏற்கப்பட்டதால், ஆறு ஆசனங்களுக்கு 396 பேர் களத்தில் நின்றனர். வாக்குச்சீட்டும் அதற்கேற்ப நீண்டது. வாக்காளர் தாம் விரும்பும் கட்சியின் அல்லது குழுவின் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி இட வேண்டும். அதன் பின்னர், விரும்பினால், சீட்டின் கீழ்ப்பகுதியில் அச்சிடப்பட்டுள்ள வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் விருப்பு வாக்குப் புள்ளடி இடலாம். விருப்பு வாக்குகள் மூன்றைத் தாண்டினால் அவை மட்டுமே எண்ணப்படாமல் போகும். கட்சிக்கான வாக்கு நிற்கும். கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கங்களில் மட்டும் இட்டாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகளுக்கு இட்டாலோ சீட்டே நிராகரிக்கப்படும். யாழ்ப்பாணத்தில் அளிக்கப்பட்ட 358,079 வாக்குகளில் 32,767 நிராகரிக்கப்பட்டன. அது தமிழ்க் காங்கிரசும் சுயேச்சைக் குழுவும் தனித்தனியே பெற்ற வாக்குகளைவிட அதிகம். அதற்கு இரண்டு மாதங்கள் முன்னர்தான், வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்பத்தெரிவு எழுதக்கூடிய ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. ஒன்றுக்கொன்று வேறான இரு வாக்களிப்பு முறைகளை இவ்வளவு குறுகிய இடைவெளியில் மக்கள் முன் வைக்கும்போது, விளக்கக் கூட்டங்களுக்கும் மாதிரிச் சீட்டுகளுக்கும் இன்னும் கூடுதலான கவனம் தரப்பட்டிருக்க வேண்டும்.

நிராகரிக்கப்பட்டவை நீங்கலாக, செல்லுபடியானவை 325,312 வாக்குகள். அவற்றில் இருபதில் ஒரு பங்கை, அதாவது ஐந்து சதவீதத்தை, எட்டாத கட்சிகளும் குழுக்களும் போட்டியிலிருந்து நீக்கப்படுகின்றன. இங்கு அந்த எல்லை ஏறக்குறைய 16,266 வாக்குகள். 15,276 வாக்குகளைப் பெற்ற ஐக்கிய மக்கள் சக்தி இதில் விழுந்தது; 17,730 பெற்ற ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி தப்பியது. 1988 வரை இந்த எல்லை எட்டில் ஒரு பங்காக, 12.5 சதவீதமாக இருந்தது. பதினைந்தாவது திருத்தமே அதை ஐந்தாகக் குறைத்தது. பழைய எல்லை இன்றும் நடைமுறையில் இருந்திருந்தால், யாழ்ப்பாணத்தில் இரண்டு கட்சிகளே மிஞ்சியிருக்கும். ஆசனங்கள் தேசிய மக்கள் சக்திக்கு நான்கு, தமிழரசுக் கட்சிக்கு இரண்டு என்று பிரிந்திருக்கும்.

எல்லையைத் தாண்டியவை ஆறு: தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 17,730. இவற்றின் கூட்டுத்தொகை 240,241. இப்போது, மற்றெந்தக் கணக்குக்கும் முன்பாக, மாவட்டத்தில் அதிக வாக்குகளைப் பெற்ற கட்சிக்கு ஓர் ஆசனம் வழங்கப்படுகிறது. மக்கள் வழக்கில் இதுவே போனஸ் ஆசனம். எஞ்சிய ஐந்து ஆசனங்களால் 240,241ஐ வகுத்தால் 48,048.2 வரும். பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணை எடுக்க வேண்டும் என்பது விதியாகையால், ஓர் ஆசனத்துக்குரிய தொகை 48,049 ஆகிறது. தேசிய மக்கள் சக்தியின் வாக்குகளில் இத்தொகை ஒரு முறை அடங்கி 32,781 மிஞ்சுகிறது. தமிழரசுக் கட்சியிலும் ஒரு முறை அடங்கி 15,278 மிஞ்சுகிறது. மற்ற நான்கிலும் ஒரு முறைகூட அடங்காததால், அவற்றின் முழு வாக்குகளுமே மிச்சமாகக் கொள்ளப்படும். இன்னும் நிரப்பப்படாத மூன்று ஆசனங்கள் பெரிய மிச்சங்களின் வரிசையில் போகின்றன: 32,781 உடைய தேசிய மக்கள் சக்தி, 27,986 உடைய தமிழ்க் காங்கிரஸ், 27,855 உடைய சுயேச்சைக் குழு. ஆக, தேசிய மக்கள் சக்தியின் மூன்று ஆசனங்களும் மூன்று வெவ்வேறு வழிகளில் வந்தவை: ஒன்று போனஸ், ஒன்று முழுத்தொகைக்கு, ஒன்று மிச்சத்துக்கு.

போனஸ் ஆசனத்தின் எடை எவ்வளவு என்று அறிய, அதை நீக்கிவிட்டு அதே வாக்குகளை ஆறால் வகுத்துப் பார்க்கலாம். ஓர் ஆசனத்துக்குரிய தொகை 40,041 ஆகும். தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, தமிழரசுக் கட்சிக்கு இரண்டு, தமிழ்க் காங்கிரசுக்கும் சுயேச்சைக் குழுவுக்கும் ஒவ்வொன்று என்ற முடிவு வரும். 17,503 வாக்கு வித்தியாசம் ‘மூன்றுக்கு ஒன்று’ என்று விரிந்தது முற்றிலும் இந்த ஒரு விதியால்தான். கம்பஹா போன்ற 19 ஆசன மாவட்டத்தில் போனஸ் என்பது பத்தொன்பதில் ஒன்று. ஆறு ஆசன மாவட்டத்தில் அது ஆறில் ஒன்று. சிறிய மாவட்டங்களை இந்த விதி அளவுக்கு மீறி அசைக்கிறது என்பதே என் கருத்து. 2020இல் இதே விதி தமிழரசுக் கட்சிக்குச் சாதகமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: அப்போது 31.46 சதவீத வாக்குகளுக்கு ஏழில் மூன்று ஆசனங்களை அக்கட்சி பெற்றது. அவற்றில் ஒன்று போனஸ்.

ஏழாவது ஆசனம் பறிபோகாமல் இருந்திருந்தால் அதுவும் தமிழரசுக் கட்சிக்கே போயிருக்கும். முன்னர் தமிழரசுக் கட்சியோடு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக ஒரே சின்னத்தில் நின்ற டெலோ, புளொட் ஆகிய கட்சிகள் இம்முறை ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியில் தனியே நின்றன. அக்கூட்டணியின் வாக்குகள் முழுவதையும் தமிழரசுக் கட்சியின் வாக்குகளோடு கூட்டினால் 85,840 வரும். போனஸ் கைமாறி, முடிவு அவர்களுக்கு மூன்று, தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று என்றாகியிருக்கும். தேர்தலுக்குப் பின் கட்சி மேடைகளில் இந்தக் கூட்டல் தாராளமாகப் போடப்படுகிறது. ஆனால் இரு பட்டியல்கள் ஒன்றானால் வாக்காளர்களும் அப்படியே ஒன்றாவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆசனங்கள் எத்தனை என்று தீர்ந்த பிறகுதான் ஆட்கள் யார் என்பது தீர்மானமாகிறது. ஒவ்வொரு பட்டியலுக்குள்ளும் அதிக விருப்பு வாக்குகளைப் பெற்றவர்கள் வரிசைப்படி தெரிவாவர். இவ்வாறு தேசிய மக்கள் சக்தியிலிருந்து கருணநாதன் இளங்குமரன், சண்முகநாதன் ஸ்ரீபவானந்தராஜா, ஜெயச்சந்திரமூர்த்தி ரஜீவன் ஆகியோரும், தமிழரசுக் கட்சியிலிருந்து சிவஞானம் சிறீதரனும், தமிழ்க் காங்கிரசிலிருந்து கஜேந்திரகுமார் பொன்னம்பலமும், சுயேச்சைக் குழுவிலிருந்து இராமநாதன் அர்ச்சுனாவும் பாராளுமன்றம் சென்றனர். தமிழரசுக் கட்சிக்கு ஓர் ஆசனமே கிடைத்ததால், எம்.ஏ. சுமந்திரன் தம் கட்சிப் பட்டியலுக்குள்ளேயே பின்தள்ளப்பட்டுத் தோற்றார். 1994 முதல் உறுப்பினராக இருந்துவந்த, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் தலைவர் டக்ளஸ் தேவானந்தாவின் நிலை வேறு. அவரது கட்சிக்கு மாவட்டத்தில் ஆசனமே இல்லாததால், அவருடைய விருப்பு வாக்குகள் எத்தனை என்பது கணக்கிலேயே வரவில்லை.

தோற்றவர்களின் விருப்பு வாக்குகளுக்கு வேறொரு பயனும் உண்டு. மாவட்ட உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ, பதவி விலகினாலோ, தம் கட்சியின் உறுப்புரிமையை இழந்து அதனால் ஆசனத்தை இழந்தாலோ, இலங்கையில் இடைத்தேர்தல் நடத்தப்படுவதில்லை. அதே பட்டியலில் அடுத்து அதிக விருப்பு வாக்குகளைப் பெற்றிருந்தவரே வெற்றிடத்துக்குத் தெரிவானவராக அறிவிக்கப்படுவார்.