தோட்டா நிரப்பும் மேசையும் இரண்டு வயதுக் குழந்தையும்

இந்த வருடத்தில் இது எனக்கு நான்காவது. ஒஹாயோவில் தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவர் நான். பேட்டரி ஆலை, பழைய பெயின்ட் சுரண்டும் வேலை என்று இரத்தத்தில் ஈயம் ஏறி வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவன். இந்த நான்கு பேருக்கும் ஈயம் ஏறியது வீட்டில். நால்வருமே இலக்குச் சுடும் போட்டிக்காகத் தங்கள் பிஸ்டலுக்குத் தாங்களே தோட்டா நிரப்புகிறவர்கள், அதாவது சுட்டு முடிந்த தோட்டாவின் காலிக் கூட்டில் புது பிரைமர், வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குகிறவர்கள்.

கடைசியாக வந்தவர் நம் ஊர்க்காரர், மென்பொருள் வேலை. அவரைக் கண்டுபிடித்ததே அவருடைய இரண்டு வயது மகள்தான். வழக்கமான பரிசோதனையில் குழந்தைக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 11 மைக்ரோகிராம் ஈயம். அமெரிக்காவில் 3.5 வந்தாலே குழந்தை மருத்துவர் விசாரிக்க ஆரம்பிக்க வேண்டும். அவரும் விசாரித்தார். 1978-க்கு முன் கட்டின வீடா? இல்லை, புது வீடு. ஊரிலிருந்து வந்த மஞ்சள்தூள், கண்மை, பித்தளைப் பாத்திரம்? எதிலும் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் அப்பாவின் பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குச் சோதித்தால் 34.

என் முன்னால் உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம், மற்ற மூன்று பேரும் சொன்ன அதே வாக்கியம்: "டாக்டர், நான் ஈயத்தை உருக்கி வார்ப்பதே இல்லை. செம்பு பூசின குண்டைத்தான் வாங்குகிறேன்."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. குண்டைப் பற்றிப் பேசாதீர்கள். கெட்டியான ஈயக் குண்டைக் கையில் எடுத்தால் அது தோல் வழியாக உடம்புக்குள் போவது மிக மிகக் குறைவு. விரலில் ஒட்டியது வாய்க்குப் போனால்தான் வம்பு. உங்களுக்கு ஏறுகிற ஈயத்தில் பெரும்பகுதி வருவது பிரைமரிலிருந்து. கூட்டின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கிற அந்தச் சின்னக் குமிழின் கலவையில் பெரும்பாலும் ஈய ஸ்டிஃப்னேட் என்ற ஈய வெடிப்பொருள் இருக்கும். சுட்டதும் அது எரிந்து, மாவை விட நுண்ணிய கரியாகக் கூட்டின் உட்சுவரிலும் பிரைமர் குழியிலும் படிகிறது. குண்டுக்குச் செம்பு பூசினால் என்ன, தங்கம் பூசினால் என்ன? பிரைமர் அதே பிரைமர்தான். காலிக் கூட்டைப் பொறுக்கி வந்து, பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, டம்ளர் என்கிற மெருகேற்றும் இயந்திரத்தில் மக்காச்சோளக் கட்டைத் தூளோடு போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டுகிறீர்களே, அந்தக் கரி எங்கே போகும் என்று நினைத்தீர்கள்? அத்தனையும் அந்தத் தூளில் சேர்கிறது. மூடியைத் திறந்து சல்லடையில் கொட்டிச் சலிக்கிற நிமிடத்தில் அறை முழுக்கப் பரவுகிறது.

இவர் அந்த இயந்திரத்தை வைத்திருந்தது வீட்டின் அடித்தளத்தில். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்கே சூடான காற்றை அனுப்பும் ஃபர்னஸிலிருந்து ஆறடி தூரத்தில். தரையில் கம்பளம். அதில்தான் குழந்தை தவழ்ந்தது.

இன்னொரு குழப்பம் நம்மவர்களுக்கு மட்டும் உரியது. "எங்கள் பாட்டி ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்பார்" என்றார். அது வெள்ளீயம். இது காரீயம். பெயரில்தான் உறவு, இரண்டும் வேறு வேறு உலோகம்.

கவனம் இல்லாத ஆட்கள் இல்லை இவர்கள். ஐம்பது கஜத்தில் 3.36 அங்குல வட்டத்துக்குள் பத்துக் குண்டையும் இறக்க வேண்டும் என்பதற்காக, .45 தோட்டா ஒவ்வொன்றுக்கும் வெடிமருந்தைக் கிரெய்ன் என்கிற சின்ன எடை அளவில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்கிறவர்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கு என்பது ஆறரை மில்லிகிராம். அந்தக் குழந்தையின் மொத்த இரத்தத்திலும் இருந்த ஈயம் ஏறக்குறைய 0.1 மில்லிகிராம். இதை அவரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை.

சரி, செய்ய வேண்டியவை. மெருகேற்றும் இயந்திரம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கராஜும் வீட்டோடு ஒட்டியதென்றால் அதுவும் வீடுதான். சலிப்பது திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, முகக்கவசத்தோடு. மூடியைத் திறந்து வைத்து ஓட்டாதீர்கள். தூசியை அடக்க, துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடுகிற டிரையர் ஷீட்டில் பழையதைக் கிழித்து உள்ளே போடுங்கள், அந்தத் தூளை அடிக்கடி மாற்றுங்கள். தண்ணீரும் ஸ்டீல் ஊசியும் போட்டுக் கழுவும் முறை இன்னும் நல்லது, ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். மேசையை ஈரத் துணியால் துடையுங்கள். துடைப்பம் வேண்டாம், சாதாரண வாக்குவம் வேண்டவே வேண்டாம், அது தூசியை அப்படியே காற்றில் திருப்பி விடும். நுண்ணிய தூசியையும் பிடித்துக்கொள்ளும் ஹெப்பா வடிகட்டி உள்ளது வாங்குங்கள். அந்த மேசையில் காபி இல்லை, சிகரெட் இல்லை, முறுக்கு இல்லை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவி, உடை மாற்றி, அதைத் தனியாகத் துவையுங்கள். செருப்பு வாசலிலேயே நிற்கட்டும். இதெல்லாம் முடிந்த பிறகு குழந்தையைத் தூக்குங்கள். பெரியவர் விழுங்கும் ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும், குழந்தைக்குப் பாதி வரை சேரும்.

வருடம் ஒரு முறை இரத்தத்தில் ஈயம் பாருங்கள். உங்கள் மருத்துவர் தானாக எழுத மாட்டார், நீங்கள் கேட்க வேண்டும். சோர்வு, மூட்டு வலி, மலச்சிக்கல், ஏறிக்கொண்டே போகும் இரத்த அழுத்தம், இவற்றை வயதின் மேல் போட்டுவிடுகிறோம். பலருக்கு அதுவும் இருப்பதில்லை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்றே அந்த மேசையை மூடிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஈயத்தை உடம்பிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்தை எல்லோருமே கேட்கிறார்கள். குழந்தைகளுக்கு அது 45-க்கு மேல்தான். அதற்குக் கீழே, ஈயம் வரும் வழியை அடைப்பதுதான் சிகிச்சை. இரத்தத்தில் உள்ளது ஒரு மாதத்தில் சுமார் பாதியாகும், எலும்பில் ஏறியது பல வருடங்கள் கிடந்து மெல்லக் கசியும்.

அவர் கம்பளத்தைப் பிய்த்து எறிந்தார், இயந்திரத்தைத் தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்றினார். மூன்று மாதம் கழித்துக் குழந்தைக்கு 6. அடுத்த பரிசோதனை வரும் மாதம்.