பள்ளிக்குப் போலீஸ் வரும்போது பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை

பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ் வரலாமா என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் யாரைக் கேட்டாலும், யோசிக்காமல் "வரட்டும்" என்பார்கள். அதன் காரணம் எனக்குத் தெரியும். 2000-களின் நடுவில் ‘ஷுகர்ஸ்’ என்ற மலிவான ஹெராயின் கலவை இந்தத் தெருக்களுக்குள் நுழைந்து எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் குலைத்துப் போட்டது என்பதை இங்கே வாழ்ந்தவர்கள் மறக்கவில்லை. டர்பனில் சிறார் வழக்குகளைப் பார்க்கும் நன்னடத்தை அலுவலரான நானும் போலீஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்குக் கூப்பிடுகிறோம் என்பதில்தான் என் கவலையெல்லாம்.

2011-இல் அடிப்படைக் கல்வித் துறையும் காவல்துறையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பள்ளிகள் அருகிலுள்ள காவல் நிலையங்களோடு இணைக்கப்படுகின்றன. நல்ல அதிகாரி அமைந்துவிட்டால் அது பெரிய துணை. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்பார், வேலியோரம் தினமும் வந்து நிற்கும் காரை விசாரிப்பார், வீட்டில் சொல்ல முடியாததை ஒரு பிள்ளை அவரிடம் வந்து சொல்லும்.

ஆனால் எதிர்த்துப் பேசியதற்கும், இடைவேளையில் தள்ளிக்கொண்டதற்கும், கைபேசியை ஒளித்து வைத்ததற்கும் காவல் நிலையத்துக்குப் போன் போகிறது. பள்ளிகளில் அடிப்பதை 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் தடைசெய்தது. பிரம்பு இருந்த இடத்தில் போலீஸ்காரரை நிறுத்திப் பிள்ளையைப் பயமுறுத்துவது ஒழுக்கம் கற்பிப்பதாகாது. ஒழுக்கம் கற்பிப்பது தலைமையாசிரியரின் வேலை, அவரே செய்ய வேண்டும்.

சோதனைக்கும் விதி உண்டு. அதே சட்டத்தின் 8ஏ பிரிவுப்படி, போதைப்பொருளோ ஆபத்தான பொருளோ இருப்பதாக நியாயமான சந்தேகம் இருந்தால் தலைமையாசிரியர் மாணவர்களைச் சோதிக்கலாம். உடலைச் சோதிப்பவர் அதே பாலினத்தவராக இருக்க வேண்டும், அதே பாலினத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும், மற்ற மாணவர்களின் கண்ணெதிரே நடக்கக் கூடாது. முடிந்தவரை ஒரு வேலை நாளுக்குள் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளைகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து நிறுத்துங்கள். வழக்கில் சிக்கிய 18 வயதுக்குட்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே தடுக்கிறது.

காவல் நிலையத்தில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. சீருடையோடு ஒரு பையன் பெஞ்சில் இருக்கிறான், கழுத்து டை சட்டைப்பையில் சுருண்டு கிடக்கிறது. தாய் தகப்பன் வேலையில் இருப்பதால் அவ்வாவும் மாமாவும் வந்திருக்கிறார்கள். மாமா குனிந்து, "ஒத்துக்கொள்ளடா, விட்டுவிடுவார்கள்" என்கிறார். அவ்வா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். நீட்டிய காகிதத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

அந்த மாமா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பேசாமலிருக்கவும் வழக்கறிஞரைக் கேட்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. அரசின் சட்ட உதவி நிறுவனத்தை 0800 110 110 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். வழக்கு நடத்தாமல் பிள்ளையைச் சீர்திருத்தத் திட்டத்துக்கு அனுப்பச் சிறார் நீதிச் சட்டம் இடம் தருகிறது. அதற்குப் பிள்ளை பொறுப்பை ஏற்கத்தான் வேண்டும், ஆனால் யாருடைய நெருக்குதலும் இல்லாமல் ஏற்க வேண்டும். காவல் நிலைய பெஞ்சில் பயத்தில் ஒத்துக்கொள்வது அந்த வகையில் சேராது.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி, சிறு குற்றங்களுக்குப் பிள்ளையைக் கைது செய்ய வலுவான காரணம் வேண்டும். கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் முதல்நிலை விசாரணைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குமுன் என்னைப் போன்ற அலுவலர் பிள்ளையைச் சந்தித்து மதிப்பிட வேண்டும். 2022 ஆகஸ்ட் முதல் 12 வயதுக்குட்பட்டவர்மீது வழக்கே தொடர முடியாது. 12, 13 வயதினர் தங்கள் செயலை உணர்ந்தே செய்தார்கள் என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

கஞ்சா விஷயத்தில் நம்மவர்களிடம் நிறையக் குழப்பம் இருக்கிறது. பள்ளியில் எடுத்த பரிசோதனையில் சிக்கிய மாணவர்கள் தங்கவைத்துச் சீர்திருத்தும் விடுதித் திட்டங்களில் அடைக்கப்பட்ட வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போனது. கஞ்சாவைப் பயன்படுத்தியதற்கோ தன் உபயோகத்துக்கு வைத்திருந்ததற்கோ பிள்ளைகளைக் குற்றவாளியாக்குவது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2022 செப்டம்பரில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் கஞ்சா புகைக்கலாம் என்று அதற்குப் பொருள் அல்ல. பிள்ளைக்குத் தேவை சிகிச்சையும் ஆலோசனையும். விற்பது வேறு விஷயம், அங்கே போலீஸ் வரத்தான் வேண்டும். கத்திக்குத்து, பாலியல் துன்புறுத்தல், பணம் பறித்தல் என்றாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், போலீஸ் அவசர எண் 10111-ஐ அழையுங்கள். பிள்ளைக்கு யாரிடமாவது பேச வேண்டுமென்றால் சைல்டுலைன் என்ற சிறார் உதவித் தொலைபேசி எண் 116.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சீருடை விலையைப் பேசி முடித்ததும் எழுந்து நின்று கேளுங்கள். நம் பள்ளிக்கு இணைக்கப்பட்ட அதிகாரி யார்? அவரை எதற்கெல்லாம் அழைப்பீர்கள்? அழைத்தால் அதே மணி நேரத்தில் எங்களுக்குப் போன் செய்யப்போவது யார்? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.