சிரோசிஸ்: கல்லீரல் கரணைநோய்

சிரோசிஸ் என்னும் சொல்லின் வேர் ஒரு நிறத்தின் பெயர். மார்பொலிமானியை (ஸ்டெதாஸ்கோப்) 1816இல் உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக், 1819இல் வெளியான தம் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் இப்பெயரை இட்டார். பிணக்கூறாய்வில் அவர் கண்ட கல்லீரல் சுருங்கி, பழுப்பு கலந்த மஞ்சள் நிறத் திரட்சிகளால் நிறைந்திருந்தது. அந்நிறத்தைக் குறிக்கும் கிர்ரோஸ் என்ற கிரேக்கச் சொல்லே நோயின் பெயராயிற்று. அத்திரட்சிகளைப் புதிதாக முளைத்த கட்டிகள் என்று லென்னெக் கருதினார். உண்மையில் அவை, நார்த்தழும்பு சூழ்ந்த நிலையிலும் மீண்டும் வளர்ந்த கல்லீரல் உயிரணுக்களின் திரள்கள்.

தமிழில் இந்நோயைக் கல்லீரல் சுருக்கம், இழைநார் வளர்ச்சி, கரணைநோய் எனப் பலவாறு எழுதுகிறார்கள். இவற்றுள் கரணைநோய் என்பதே பொருத்தமானது. கரணை என்பது திரண்ட கட்டி. பிடிகரணை என்னும் கிழங்கின் பெயரிலும் அச்சொல் உண்டு. இந்நோயை உறுதிசெய்வதும் அத்திரட்சிகளே. இழைநார் வளர்ச்சி என்பதையோ, இதற்கு முந்தைய, கல்லீரலில் நார்த்தழும்பு படிந்துவரும் நிலையான ஃபைப்ரோசிஸுக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

இவ்வேறுபாடு மருந்தாய்வுச் செய்திகளில் மிகவும் இன்றியமையாதது. ஆய்வகத்தில் சுண்டெலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சு வேதிப்பொருளை எண்ணெயில் கலந்து, வாரம் இருமுறை, சில வாரங்கள் வயிற்றறைக்குள் ஊசிவழி செலுத்திக் கல்லீரலில் நார்ப்படிவை உண்டாக்குவது பழகிய முறை. கல்லீரல் நொதி ஒன்று அதை நச்சுத் துணுக்காக மாற்ற, உயிரணுக்கள் மடிகின்றன, அழற்சி எழுகிறது, விண்மீன் வடிவ உயிரணுக்கள் தூண்டப்பட்டுக் கொலாஜன் நாரைச் சுரக்கின்றன. அழற்சி என்ற சொல் அழல், அதாவது தீ, என்பதிலிருந்து வந்தது. அதற்கு இணையான இலத்தீன் சொல்லும் தீ மூட்டுதலையே குறிப்பது வியப்புக்குரியது. அழற்சி தணிந்தால் நார் படிவதும் குறையும் என்பதே அழற்சி எதிர்ப்பு மருந்தைச் சோதிப்போரின் எதிர்பார்ப்பு.

முடிவைப் படிக்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மருந்து அந்த நொதியையே தடுத்திருந்தால், அழற்சியைத் தணிக்காமலேயே கல்லீரலைக் காத்ததுபோல் தோன்றும். நச்சை நிறுத்தினாலே சுண்டெலியின் கல்லீரலில் படிந்த நார் சில வாரங்களில் பெருமளவு கரைந்துவிடும். ஆகவே மருந்தைத் தொடக்கத்திலிருந்தே கொடுத்தார்களா, தழும்பு உண்டான பின் கொடுத்தார்களா என்பது முதன்மையான கேள்வி.

அழற்சி உயிரணுக்களைக் கல்லீரலுக்கு ஈர்க்கும் இரு ஏற்பிகளை (உயிரணுவின் மேல் இருந்து வேதிச் சைகையைப் பெறும் புரதங்களை) தடுக்கும் செனிக்ரிவிராக் என்ற மருந்து, விலங்குகளில் நார்ப்படிவைக் குறைத்தது. கொழுப்புக் கல்லீரல் அழற்சியுடைய மனிதர்களிடம் நடந்த அதன் மூன்றாம் கட்ட ஆய்வு, பயன் போதாமையால் 2021இல் நிறுத்தப்பட்டது. அவ்வாய்வு சேர்த்துக்கொண்டது இழைநார் வளர்ச்சியின் இரண்டாம், மூன்றாம் நிலையினரை. நான்காம் நிலையே கரணைநோய். இரண்டுக்கும் ஒரே பெயரை எழுதினால், அந்த மருந்து யாரிடம் சோதிக்கப்பட்டது என்பதே வாசகருக்குத் தவறாகச் சென்றுசேரும்.