ஜெனரல் மேனேஜர்: குதிரையோடு வந்த சொல்

ஐஸ் ஹாக்கி பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுவது இந்தச் சொல்தான். ஜெனரல் மேனேஜர் என்றதும் நமக்கு ரயில்வே ஜிஎம், வங்கி ஜிஎம் என்று கோப்பும் கையெழுத்துமாக ஒருவர் நினைவுக்கு வருவார். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் அந்த நாற்காலியே வேறு. எந்த இளைஞனை டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் வருடாந்தரத் தேர்வு) எடுப்பது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது, சம்பள உச்சவரம்புக்குள் (2005-06 சீசனில் வந்தது) யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம், பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா, எல்லாம் இவர் தலையில். ஆட்டம் தொடங்கிவிட்டால் மட்டும் மேலே உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

லத்தீனில் மானுஸ் என்றால் கை. அதிலிருந்து வந்த இத்தாலியச் சொல் மனெஜ்ஜாரே, கையாளுவது, குறிப்பாகக் குதிரையைப் பழக்குவது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் குதிரையோடுதான் நுழைந்தது. நம் மேலாளரில் கை கிடையாது, மேல் இருந்து ஆள்பவர், அவ்வளவுதான். (மேனேஜர், மேலாளர் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் கேட்பது தற்செயல், யாரும் வேர் தேடிக் கிளம்பிவிட வேண்டாம்.) மூலத்துக்கு நெருக்கமாக வேண்டும் என்று ‘கையாளர்’ என எழுதினால் கையாள் ஆகிவிடும், அது வேறு வம்பு.

ஆனால் ஒரு ஜிஎம்மை எடைபோட அந்தக் கைதான் உதவுகிறது: கைக்கு என்ன வந்தது, அதை வைத்து என்ன செய்தார்? கனடாவின் எட்மன்டன் அணியில் பீட்டர் சியாரெல்லி 2015இல் ஜிஎம்மாகப் பொறுப்பேற்கும் முன்பே, டிராஃப்டில் முதல் ஆளை எடுக்கும் உரிமை குலுக்கலில் கிடைத்திருந்தது. அதனால் நட்சத்திர வீரர் கானர் மெக்டேவிட் வந்ததை அவர் கணக்கில் எழுத முடியாது. அடுத்த வருடம் டெய்லர் ஹாலைக் கொடுத்து ஆடம் லார்சனை வாங்கியது முழுக்க அவர் கணக்கு, 2018இல் ஹால் லீகின் மிகச்சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். ஸ்டீவ் ஐசர்மன் கதை தலைகீழ். டாம்பா பே அணியின் ஜிஎம்மாக டிராஃப்டில் 2011இல் 58ஆவது ஆளாகக் குச்செரோவையும் 2014இல் 79ஆவது ஆளாகப் பாயின்ட்டையும் எடுத்தார், 2018இல் விலகினார், அந்த அணிக்கு லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை வந்தது 2020இலும் 2021இலும். வென்றபோது நாற்காலியில் இருந்தவர் ஜூலியன் பிரீஸ்புவா. அவரும் சும்மா இருக்கவில்லை, ஆனாலும் என் கணக்கில் பாதி ஐசர்மனுக்குத்தான். 2019இல் ஐசர்மன் டெட்ராய்ட் அணிக்கு ஜிஎம்மாகப் போனார், 2025 வரை அந்த அணி பிளேஆஃப் பக்கமே போகவில்லை, அதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

சரி, தமிழில் என்ன? ‘அணி மேலாளர்’ வேண்டாம், கிரிக்கெட்டில் அது பயண ஏற்பாடு பார்ப்பவர். பொதுச் செயலாளரில் ‘பொது’ செய்கிற வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது, அதனால் பொது மேலாளர் போதும்.