பாதி வழியில் நின்ற செல்கள்

பிறந்து இரண்டு நாளாகியும் குழந்தை மலம் கழிக்கவில்லை, வயிறு உப்பிக்கொண்டே போகிறது. முன்நெற்றியில் ஒரு கொத்து முடி வெள்ளையாக இருக்கிறது. காது கேட்கவில்லை என்பதும் பிறகு தெரியவருகிறது. குடலுக்கும் முடிக்கும் காதுக்கும் என்ன உறவு? அரிதான இந்தக் கோளாறில் மூன்று குறைகளுக்கும் வேர் ஒரே செல் குடும்பம்தான்.

கருவின் நான்காவது வாரவாக்கில், அதன் முதுகுப்புறத்துத் தட்டை அடுக்கு ஒன்று சுருண்டு குழாயாகிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் வரும். அந்தக் குழாய் மூடும் விளிம்பில் தோன்றுபவை நரம்பு முகட்டுச் செல்கள். 1868இல் வில்ஹெல்ம் ஹிஸ் கோழிக் கருவில் இவற்றை முதன்முதலில் கண்டார். அண்டைச் செல்களின் பிடியை உதறிவிட்டு இவை உடலெங்கும் நடக்கத் தொடங்குகின்றன. தாடையெலும்பு, தோலின் நிறமிச் செல்கள், இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பு என்று போய்ச் சேர்ந்த இடத்துக்கேற்ப உருமாறுகின்றன. நிகோல் லெ துவாரென் காடையின் செல்களைக் கோழிக் கருவில் பதித்து இந்தப் பாதைகளைத் தொடர்ந்தார். காடைச் செல்லின் உட்கரு நுண்ணோக்கியில் தனித்துத் தெரியும். இத்தனை எளிய அடையாளத்தை வைத்து இவ்வளவு பெரிய வரைபடத்தை வரைந்தது எனக்கு இன்றும் வியப்பு.

காதுக்கு நிறமிச் செல் எதற்கு என்று தோன்றலாம். உட்காதின் திரவத்தில் ஒலியை உணரத் தேவையான மின்னழுத்தத்தைக் காப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. அவை வந்து சேராவிட்டால் முடி வெளுப்பதோடு காதும் கேளாமல் போகும். சாக்ஸ்10 என்ற ஒரே மரபணு பழுதானால் குடலும் சேர்ந்து பாதிக்கப்படலாம்.

எல்லாக் குறைகளும் பயணத்தில் நேர்வதில்லை. ட்ரீச்சர் காலின்ஸ் நோயில், புரதம் செய்யும் ரைபோசோம்கள் போதாமல் செல்கள் ஆரம்பத்திலேயே மடிகின்றன. கன்ன எலும்பும் தாடையும் சிறுத்துப்போகின்றன.

மிக நீண்ட நடை குடலுக்குள்தான். கழுத்துப் பகுதியிலிருந்து கிளம்பும் செல்கள் உணவுக்குழாய்க்குள் நுழைந்து, பெருகிக்கொண்டே, ஏறக்குறைய மூன்று வாரத்தில் மலக்குடலை எட்டவேண்டும். அவை நடக்க நடக்கக் குடலும் நீண்டுகொண்டிருக்கும். ரெட் போன்ற மரபணுக்கள் பழுதானால் கூட்டம் மெலிந்து பாதியில் நின்றுவிடும். குடலை இயக்கும் நரம்புச் செல்களாக மாறவேண்டியவை இவைதான் என்பதால், கடைசிப் பகுதியில் நரம்புச் செல்களே இருக்காது. அந்தத் துண்டு தளரத் தெரியாமல் இறுகியே கிடக்க, மலம் அதற்கு மேலே தேங்குகிறது. ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் இது.

அறுவை மேசையில் மருத்துவர் குடல்சுவரிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கிக்கு அனுப்புகிறார். நரம்புச் செல் இல்லையென்றால் இன்னும் மேலே போய் அடுத்த துணுக்கு. செல்கள் தென்பட்ட இடத்துக்குக் கீழுள்ளதை அகற்றிவிட்டு, நல்ல குடலை இறக்கி ஆசனவாயோடு இணைக்கிறார்.