‘ஆயில் குடிக்குது’: ஒரு பட்டறைச் சொல்லின் பொருளும் வேரும்

ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய பைக்கைப் பட்டறையில் விட்டால் ஒரு வாக்கியம் எப்படியும் காதில் விழும்: “அண்ணே, வண்டி ஆயில் குடிக்குது.” கம்பெனி கையேட்டில் இதற்கு ‘ஆயில் கன்சம்ப்ஷன்’ என்று பெயர். தமிழில் எழுத உட்காருகிறவர்கள் அதை ‘எண்ணெய் நுகர்வு’ ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நுகர்தல் என்றால் முகர்தல், அனுபவித்தல். உண்ணுதலும் அதில் அடங்கும்தான். ஆனால் நுகர்கிறவர் ஏதோ ஒரு பயனைப் பெறுகிறார். பழைய எஞ்சின் தன் ஆயிலை எரித்துப் புகையாக விடும்போது யாருக்கு என்ன பயன்? மெக்கானிக் சொன்ன ‘குடிக்குது’தான் சரியான தமிழ் என்பது என் கட்சி.

அந்தச் சொல் பட்டறையில் பிறந்ததல்ல, அடுப்படியிலிருந்து போனது. பூரி மாவு தளர்ந்துபோனால் “எண்ணெய் குடிக்கும்” என்கிறோம். உளுந்து சரியாக அரைபடாத வடையும் குடிக்கும். போகக்கூடாத இடத்துக்கு எண்ணெய் போய்விட்டது, வேண்டியதைவிட அதிகம் செலவாகிவிட்டது என்ற இரண்டு பொருளும் அந்த ஒரு வினையில் இருக்கின்றன. மாவு இறுக்கமாக இருந்தால் பூரி குடிக்காது; பிஸ்டன் ரிங் இறுக்கமாக இருந்தால் எஞ்சின் குடிக்காது.

கன்சம்ப்ஷனின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘கன்சூமெரே’ என்றால் முழுவதும் எடுத்துத் தீர்த்துவிடுதல்: தின்பது, செலவழிப்பது, வீணாக்குவது எல்லாம் அதற்குள் வரும். காசநோய்க்கும் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இதே பெயர்தான், உடம்பைக் கரைத்துவிடும் நோய் என்பதால். நம் பக்கத்தில் க்ஷயரோகம் என்றார்கள். க்ஷயம் என்றால் தேய்வு. ஆக, மூலச் சொல்லிலேயே தேய்மானமும் வீணும் இருக்கின்றன. நுகர்வில் அவை இல்லை.

சரி, ஆயில் என்ற சொல்? அதுவும் லத்தீன் வழி வந்ததே. ‘ஓலெயும்’ என்றால் ஆலிவ் எண்ணெய். அதற்கும் முந்தைய வேர் கிரேக்கத்தில் ஆலிவ் மரத்தின் பெயர். ஒரு பழத்தின் எண்ணெய்க்கு வைத்த பெயர் எல்லா எண்ணெய்க்கும் பொதுவாகிவிட்டது. தமிழிலும் அச்சாக இதேதான் நடந்தது. எள் + நெய் = எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்ததற்கு மட்டும் இருந்த பெயர் கடலைக்கும் தேங்காய்க்கும் பரவி, மண்ணிலிருந்து எடுத்ததற்கும் வந்து ‘மண்ணெண்ணெய்’ ஆனது. பெயரைப் பறிகொடுத்த எள்ளெண்ணெய்க்கு ‘நல்லெண்ணெய்’ என்று தனிப்பெயர் தேவைப்பட்டது. மத்தியதரைக் கடலோரத்திலும் நம் மண்ணிலும் ஒரே பாதையில் இரண்டு சொற்கள் நடந்திருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பு.

எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய்க்குத் தமிழில் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன: மசகெண்ணெய், உயவெண்ணெய். மசகு என்பது மாட்டுவண்டிக்காரர்களின் சொல். வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்து அச்சில் தடவுவார்களே, அந்தக் கறுப்பு மைதான் மசகு. உலோகமும் மரமும் உரசும் இடத்தில் இடுவது என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். இலங்கைச் செய்திகளில் ‘மசகு எண்ணெய் விலை உயர்வு’ என்று படித்தால் அது எஞ்சின் ஆயில் அல்ல. தமிழ்நாட்டில் கச்சா எண்ணெய் என்கிறோமே, அது. பாக் நீரிணையின் இரு கரையிலும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்.

உயவு இன்னும் பழைய சொல். குறுந்தொகையின் 28ஆம் பாட்டில் ஔவையார் ‘உயவுநோய்’ என்கிறார். அங்கே அது வருத்தம், தளர்ச்சி. இன்று பாடப்புத்தகங்களில் உராய்வைக் குறைப்பதெல்லாம் ‘உயவுப்பொருள்’. மனம் ‘மசகு’ பக்கமே சாய்கிறது என்றாலும், இரு நாட்டு வாசகர்களுக்கும் குழப்பமில்லாமல் எழுத உயவெண்ணெய்தான் பாதுகாப்பு. பேச்சில் ஆயில் என்றே சொல்லலாம். அதுவும் இப்போது தமிழ்ச் சொல் மாதிரிதான்.

குடிப்பது எப்போதுமே நோயாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்களில் ஆயில் சுற்றித் திரும்பி வரும் ஏற்பாடு இல்லை. ஓட்டுபவரே கையால் பம்ப் அடித்து எஞ்சினுக்குள் அனுப்புவார். அது எரிந்தும் ஒழுகியும் தீர்ந்துபோகும். மறுபடி அடிக்க வேண்டும். அந்தக் கால விமான எஞ்சின்கள் பலவற்றுக்கு ஆமணக்கெண்ணெய், அதாவது நம் விளக்கெண்ணெய்தான் ஆயில். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான ‘காஸ்டர்’ என்பதிலிருந்து வந்தது.

அப்புறம் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். 1985இல் இந்தியாவுக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் எல்லாம் 2டி ஆயிலைக் குடித்தே ஆகவேண்டும். பெட்ரோலோடு கலந்து எரிவதுதான் அதன் வேலை. எக்ஸ்எல்லுக்குப் பங்க்கிலேயே கலந்து ஊற்றுவார்கள். ஆர்எக்ஸில் தனி டேங்க்கிலிருந்து ஒரு சின்ன பம்ப் அதைச் செய்யும். அந்த வண்டி குடிக்காமல் போனால்தான் பயப்பட வேண்டும், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். ஒரே வினை, ஒரு வண்டிக்கு ஆரோக்கியம், இன்னொன்றுக்கு நோய்.

இன்று சாலையில் ஓடுபவை பெரும்பாலும் ஃபோர்-ஸ்ட்ரோக். ஸ்ப்ளெண்டர் போன்ற ஒரு 100 சிசி வண்டியில் இருக்கும் ஆயில் சுமார் ஒரு லிட்டர்தான். எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் அந்த ஒரே ஆயிலில் நனைகின்றன. பிஸ்டனில் மேலே இரண்டு ரிங்குகள் அழுத்தத்தைப் பிடிக்கும். மூன்றாவது, ஆயில் ரிங், சிலிண்டர் சுவரில் படியும் ஆயிலை வழித்துக் கீழே இறக்கும். தோசைக்கல்லில் எண்ணெயைத் துணியால் துடைத்து மெல்லிய படலம் மட்டும் விடுவது போல. இந்த ரிங் தேய்ந்தாலும், கரி பிடித்து அசையாமல் நின்றாலும் வழிப்பது நிற்கும், ஆயில் மேலேறி எரியும். இன்னொரு வாசல் மேலே இருக்கிறது: வால்வு சீல். அந்தச் சின்ன ரப்பர் வளையம் சூட்டில் காய்ந்து இறுகினால் வால்வுத் தண்டு வழியாக ஆயில் சொட்டும்.

இரண்டையும் புகையே காட்டிக்கொடுக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை ஒரு கொத்தாக வந்து, பிறகு நின்றுவிட்டால் வால்வு சீல் மீது சந்தேகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து முறுக்கியதும் புகைந்தாலும் அதே சந்தேகம்தான். மூடிய த்ராட்டிலின் உறிஞ்சல் ஆயிலை வால்வு வழியே இழுத்திருக்கும். ஆனால் முறுக்க முறுக்கப் புகை கூடிக்கொண்டே போனால், பிளக்கில் ஆயில் அடித்தால், ரிங் அல்லது சிலிண்டர். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) பார்த்து, அது உடனே ஏறினால் தேய்ந்தது ரிங்கோ சிலிண்டரோதான் என்று நல்ல மெக்கானிக் சொல்வார்.

‘குடிக்குது’ என்ற சொல்லின் அருமை இங்கேதான் தெரிகிறது. பட்டறைத் தமிழில் ‘ஒழுகுது’ வேறு, ‘குடிக்குது’ வேறு. ஒழுகினால் தரையில் கறை இருக்கும், கேஸ்கெட்டோ ஆயில் சீலோ மாற்றினால் தீரும். குடித்தால் தரை சுத்தமாக இருக்கும், அளவு மட்டும் இறங்கும். கன்சம்ப்ஷன் என்றும் நுகர்வு என்றும் சொல்லும்போது இந்தப் பிரிவு மங்கிவிடுகிறது. தேவையில்லாமல் எஞ்சினைப் பிரித்துச் செலவு செய்தவர்கள் உண்டு.

குடிக்கும் வண்டிகள் குடிப்பதால் சாவதில்லை. யாரும் அளவு பார்க்காததால் சாகின்றன. 1,000 கி.மீ.க்கு 150 மி.லி. குடிக்கும் வண்டியை, 3,000 கி.மீ. ஆயில் மாற்றும்வரை திறந்தே பார்க்காமல் ஓட்டினால் 450 மி.லி. காணாமல் போயிருக்கும். ஏறத்தாழ பாதி. முதலில் அடி வாங்குவது எஞ்சினின் தலைப்பகுதி, அங்கே வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டும் ராக்கரும். ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். டைமிங் செயின் சத்தம் கேட்கத் தொடங்கும்போது சேதம் ஆரம்பித்திருக்கும். அளவு பார்ப்பதும் சுலபம்: சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து கேஜை (ஆயில் மூடியோடு இருக்கும் அளவுக் குச்சி) எடுத்துத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். பல 100 சிசி வண்டிகளில் கேஜைத் திருகாமல், சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் ஆயில் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

ஆயிலைக் கெட்டியாக்கினால் குடிப்பது நிற்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 10டபிள்யூ30க்குப் பதில் 20டபிள்யூ40 ஊற்றினால் கொஞ்சம் குறையலாம், ஆனால் தேய்ந்த ரிங் திரும்ப வளராது. கார் ஆயில் மட்டும் ஊற்றிவிட வேண்டாம். கிளட்ச் வழுக்கும் ஆபத்து உண்டு. டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ (ஆயிலில் நனையும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக் குறியீடு) இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சிலிண்டரே நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டால் போர் போட்டு, 0.25 மி.மீ. பெரிய பிஸ்டன் போட வேண்டியதுதான். (கிணற்றுக்கும் சிலிண்டருக்கும் ஒரே ‘போர் போடுதல்’. இரண்டுமே துளைதான்.)

என் 100 சிசி வண்டி 84,000 கி.மீ.யில் குடிக்கத் தொடங்கியது. பெட்ரோல் டேங்க் கவரில் ஒரு சின்ன நோட்டு வைத்து, ஊற்றிய அளவையும் ஓடோமீட்டரையும் எழுதிவந்தேன். 1,000 கி.மீ.க்கு 150 மி.லி. என்று தெரிந்தது. ரிங் மாற்றவேண்டும் என்று ஒருவர் சொன்னார். காலைப் புகையைப் பார்த்த இன்னொருவர் வால்வு சீலை மட்டும் மாற்றினார். நோட்டில் அதற்குப் பிந்தைய வரிகளில் 40, 35, 40 என்று இருக்கிறது. நேற்றைய வரி: 1,07,200 கி.மீ., 40 மி.லி.